அறுபத்து மூன்று அனுமதிகள்

"ஏம்மா, அஞ்சு மணிக்குள்ள அந்த ஆணை தலைமை அலுவலகத்துக்குப் போகலைன்னா செல்லாது. எங்கேம்மா போச்சு?"

இயக்குநர் கணினித் திரையை முறைத்தார். மணி நாலு நாற்பது.

"எதைப் பத்தின ஆணை சார்?" என்றாள் கணினிப் பிரிவுப் பெண்.

"ஆண்டுக் கூட்டத்துல நான் பேசறப்ப பின்வரிசையில ஒரு ஆளு சிரிச்சுதாம். பணி எண் நாற்பத்தேழு. ஒரு வருஷச் சம்பள உயர்வு கட்! ஏழு பக்கம், ஒத்தை விரல்ல நானே அடிச்சேன்."

"யாரு சார் அது?"

"யாரா இருந்தா என்ன? பேரு, மூஞ்சியெல்லாம் நான் ஞாபகம் வச்சுக்கறதில்ல. எண் போதும்."

திரையில் 'பழசு' என்று ஒரே ஒரு ஃபோல்டர்தான் இருந்தது.

"துடைப்பத்தை எத்தனை தடவை அழுத்தினீங்க சார்?"

துடைப்பம், அவள் எழுதித் தந்த ஸ்கிரிப்ட்; கணினிக்கான குட்டி நிரல். அழுத்தினால் திரையில் கிடக்கும் அத்தனையையும் வாரி 'பழசு' என்ற புது ஃபோல்டருக்குள் போட்டுவிடும், முந்தைய 'பழசு' உட்பட.

"பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் அழுத்திக் காட்டினேன். அசந்துட்டாங்க!"

"அப்ப பழசுக்குள்ள பழசு, அதுக்குள்ள பழசு... பேரைச் சொன்னா தேடிடலாம் சார். ஃபைலுக்கு என்ன பேரு வச்சீங்க?"

"பேரா? அதையும் நான் ஞாபகம் வச்சுக்கறதில்லம்மா."

"பரவாயில்ல. ஒவ்வொரு ஃபோல்டரா உள்ள போய்ப் பார்க்க இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதறேன். ஆனா, உங்க ஃபோல்டருக்குள்ள அது பாட்டுக்கு நுழையலாமா சார்? ஒவ்வொண்ணுக்கும் உங்க அனுமதி கேட்கும்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின்னே? கேட்கணும்ல!"

ஐந்தே நிமிடத்தில் அவள் எழுதி ஓடவிட்டாள். 'பெருமதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களே, உள்ளே செல்லலாமா?' என்றது திரை. அவர் அதை வாய்விட்டு வாசித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 'ஆம்' அழுத்தினார். மறுபடி கேட்டது. மறுபடி வாசித்தார். ஒரு 'பெருமதிப்பிற்குரிய'வையும் அவர் விழுங்கவில்லை.

அறுபத்து மூன்றாவது அனுமதியில் ஆணை அகப்பட்டது. மணி ஐந்து ஐந்து.

"சே! அந்த நாற்பத்தேழு தப்பிச்சிடுச்சே!" என்று நாற்காலியில் சாய்ந்தார் இயக்குநர். பிறகு முகம் மலர்ந்தது. "இருந்தாலும், இவ்வளவு மரியாதை தெரிஞ்ச ஸ்கிரிப்டை நான் பார்த்ததில்லம்மா. உனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் தரேன்." பேனாவைத் திறந்தார். "உன் பணி எண் சொல்லு."

"நாற்பத்தேழு, சார்" என்றாள் அவள். இந்தத் தடவையும் சிரிப்பை அடக்க முடியவில்லை.