கிளிப்பச்சை

"கிளிப்பச்சை!"ன்னு சின்னவர் சொன்னாரு பாருங்க, அந்த செகண்ட்லயே எல்லாம் நாசமாப் போச்சு.

சொந்தமா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத்தான் வக்கில்லை, வித்தாவது கண்குளிரப் பார்ப்போமேன்னு ஷோரூம்ல வேலைக்குச் சேர்ந்தவன் நான். தினமும் பஸ்லதான் வர்றேன், அது வேற கதை. ஆர்டர் போடுற மேஜை என்னுது. கலர், சீட்டு, சக்கரம்னு தட்டத் தட்ட பெரிய திரையில வண்டி மாறிக்கிட்டே இருக்கும்.

அன்னிக்கு வந்தவங்க ரெண்டு சகலைங்க. அக்காவைக் கட்டினவர் பெரியவர், வண்டி வாங்குறது அவரு. தங்கச்சியைக் கட்டினவர் சின்னவர், யோசனை சொல்ல வந்தவரு.

"சகலை, எஞ்சின் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னே எனக்குத் தெரியாது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். ஒண்ணே ஒண்ணு. ரெண்டு வருஷம் ஓட்டிட்டு கை மாத்திடுவேன். வாங்குறவங்களுக்கு மனசு நிறையணும்."

"ரீசேல்தானே? எனக்கு அத்துப்படி. விடுங்க!"

விட்டாரு. எடுத்த எடுப்புல கிளிப்பச்சை.

"சார், ரீசேல்னா சாம்பல், கருப்பு, வெள்ளை..."ன்னு நான் இழுத்தேன்.

மேஜைக்கு அடியில என் கால்ல ஒரு மிதி. "தம்பி, ஊரே வெள்ளை வாங்கினா எவன் திரும்பிப் பார்ப்பான்? நீ தட்டு."

தட்டினேன். "கண்ணைப் பறிக்குதே!"ன்னாரு பெரியவர், கண்ணைச் சுருக்கிக்கிட்டே.

"உள்ள ஆரஞ்சு லெதர்."

அதையும் தட்டினேன்.

பெரியவருக்கு போன் வர, எழுந்து வெளியே போனாரு. சின்னவர் நாற்காலியை என் பக்கம் இழுத்தாரு.

"மாமியார் வீட்ல இவர் புராணம் தாங்கலை தம்பி. தும்மினா பெரிய மாப்பிள்ளை, இருமினா பெரிய மாப்பிள்ளை. என் பொண்டாட்டி வேற, 'எங்க அத்தான் அதை வாங்கினார், இதை வாங்கினார்'னு ஒரே பாட்டு. பள்ளிக்கூடத்துலேர்ந்து இந்த வண்டி படத்தைச் சுவத்துல ஒட்டி வச்சிருந்தவன் நான். ஓட்டப் போறது யாரு? எஞ்சின் எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன்!"

"அதுக்காக சார்..."

"ஓட்டட்டும், ஓட்டட்டும். விக்கும்போது தெரியும்."

நான் ஏன் வாயை மூடிக்கிட்டேன்னு கேக்குறீங்களா? நானும்தானே சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன்!

பெரியவர் திரும்பி வந்தாரு. "தம்பி, மேடு வந்தா வண்டி மூக்கைத் தூக்கிக்கிற வசதி ஒண்ணு இருக்காமே? அது மட்டும் எனக்கு வேணும்."

துள்ளிட்டேன். "சூப்பர் சார்! செகண்ட்ஹேண்ட்ல வாங்குறவங்க முதல்ல கேக்குறதே அதைத்..."

மறுபடியும் மிதி.

"சகலை, உங்க வீட்டு வாசல் கேரம் போர்டு மாதிரி இருக்கு. உங்களுக்கு எதுக்கு மூக்கைத் தூக்கணும்? தண்டம். அதுக்குப் பதிலா சீட்டுல தலை சாயுற இடத்துல 'பெரிய மாப்பிள்ளை'ன்னு நூல்ல தைக்கச் சொல்லுங்க. அத்தை பார்த்தா பூரிச்சுப் போவாங்க."

அய்யய்யோ! பச்சையைக் கூட மேல ஸ்டிக்கர் சுத்தி மறைச்சிடலாங்க. அடுத்தவன் பட்டத்தைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு எவன் ஓட்டுவான்?

பெரியவர் சின்னவர் பக்கம் திரும்பினாரு.

"நிஜமாவே உங்களுக்கு இது பிடிச்சிருக்கா சகலை?"

"நானா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு இதைத்தான் எடுப்பேன்!"

"அப்பச் சரி. தம்பி, அனுப்பிடுங்க."

"சார், பட்டனைத் தட்டிட்டா தொழிற்சாலைக்குப் போயிடும். அப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது."

"அதான் சொல்றாருல்ல, தட்டுப்பா!" சின்னவர்தான்.

தட்டிட்டேன்.

சின்னவர் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். காலை நீட்டி உக்காந்துக்கிட்டு, போற போக்குல கேக்குற மாதிரி கேட்டாரு. "ஆமா, ரெண்டு வருஷம் கழிச்சு இதை யார் தலையில கட்டப் போறீங்க?"

"யார் தலையிலயா? உங்களுக்குத்தான்!"

சின்னவர் நீட்டின காலை மடக்கினாரு.

"இவ்வளவு தாழ்வான சீட்டுல ஏறி இறங்க என் முட்டி ரெண்டு வருஷம் தாங்கினாலே பெருசு. நீங்க சுவத்துல படம் ஒட்டின கதையை மச்சினி எப்பவோ சொல்லிட்டா. வீட்டுக்குள்ள என்ன விலை, என்ன பேரம்? சும்மா சாவியைக் கையில கொடுத்துடலாம்னு இருந்தேன். உங்க வீட்டு வாசல் சரிவுல அடி தட்டுமேன்னுதான் அந்த மூக்கைத் தூக்குறதைக் கேட்டேன். நீங்கதான் தண்டம்னுட்டீங்க."

என் கால்ல மறுபடியும் மிதி. இந்தத் தடவை ரொம்ப மெதுவா, கெஞ்சுற மாதிரி.

"தம்பி... ஏதாவது பண்ணி மாத்த முடியாதா?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள பெரியவர் கையைத் தூக்கிட்டாரு. "எதுக்கு மாத்தணும்? என் சகலை ஆசைப்பட்டுச் சொன்னதுல ஒரு நூல் கூட மாறக் கூடாது. ஆமா!"

ரெண்டு வருஷம் கழிச்சு, வாசல் மேட்டுல அடி தட்டத் தட்ட, கிளிப்பச்சை வண்டியில, 'பெரிய மாப்பிள்ளை'ங்கிற எழுத்து மேல சின்ன மாப்பிள்ளை தலை சாயணும்.

பொய் சொல்லாம சொல்லுங்க, அடுத்தவன் வண்டின்னு நினைச்சு சொந்த வண்டிக்கே கிளிப்பச்சை அடிச்சது உங்களுக்கும் நடந்திருக்குல்ல?