பீருக்குப் போட்ட ஏசி

“ஏசிய நிறுத்திடாத. சூடு ஏறிச்சின்னா ஈஸ்ட்டு ஆட்டம் போட்டு பீரோட டேஸ்ட்டையே கெடுத்துடும்” என்றார் என் கணவர் தேவராஜன், ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியபடி.

“வூட்ல செய்யிற பீருக்கு ஏசி ரூமா? நல்லா கீது!”

“நீ பக்கத்துலயே படுத்து, இருபத்திரண்டு டிகிரி கீதான்னு பாத்துக்க. வாளி மூடிய மட்டும் தொறக்காத. காத்து பூந்தா புளிச்சிடும்.”

அன்று வேலையிலேயே மாரடைப்பு. அவர் திரும்பவில்லை.

காரியம் முடிந்த பிறகும் நான் ஏசியை அணைக்கவில்லை. அவர் ஆசையாய்ப் போட்டது வீணாகக் கூடாதென்று, தனியாக அந்த வாளிக்குக் காவல் படுத்தேன்.

ஒருநாள் அவரோடு வேலை பார்த்த ரஞ்சித் வந்தான்.

“அண்ணன் பீர் போட்டு வெச்சாரு. நீ எடுத்துக்கினு போ தம்பி” என்றேன்.

“அண்ணனா? நாங்க பாட்டிலத் தொறந்தாலே மோர் வாங்க எழுந்து பூடுவாரேக்கா!”

மூடியைத் திறந்தேன். வாளி நிறைய வெறும் தண்ணீர்.

மாதவிலக்கு நின்றதிலிருந்து இரவெல்லாம் என் உடம்பு எரியும். ஆனாலும், “எனக்கெதுக்கு ஏசி?” என்று வாங்கிய நாள் முதல் அதை அணைத்துக்கொண்டே இருந்தவள் நான்.

ரஞ்சித் போனதும் கதவைச் சாத்திப் படுத்தேன். அறை சில்லென்றுதான் இருந்தது.