குரல் பகுதி

“குரல் பகுதியைக் கழட்டிப்போட்டு மிச்சத்தை வெளியிடுவம், மிதுனா. அதை ஆர் பாவிக்கினம்?” என்றான் பிரவீணன்.

ஹவுகன்ஸ்டுவாவில் அவன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை மழை. தொலைபேசியின் மறுமுனையில், லோறென்ஸ்கூக்கில், மிதுனா.

தமிழில் தட்டச்சு செய்ய, எழுத்துப்பிழை பார்க்க, எழுதியதை வாய்விட்டு வாசிக்க என்று பல பகுதிகள் கொண்ட திறமூல மென்பொருள் அது. பலர் சம்பளமின்றிச் சேர்ந்து எழுதுவது, பொறுப்பாளர் அவன். யார் ஒரு வரியை மாற்றினாலும், சேவர் கணினி எல்லாப் பகுதிகளையும் தானாகவே சேர்த்து ‘பில்ட்’ செய்து பார்க்கும். ஒன்று பிழைத்தாலும் முழுவதும் சிவப்பு. போன கிழமை கைபேசிகளின் இயங்குதளம் மாறியதிலிருந்து, எழுதியதை வாசிக்கும் குரல் பகுதி படுத்துவிட்டது.

இன்றைக்கு மட்டும் பொறுக்கச் சொல்லி மிதுனா கெஞ்சினாள். அந்தப் பகுதியைப் போன வருடம் எழுதிச் சேர்த்தவள் அவள்தான். தன் கைவேலை என்ற ஆசையாக்கும் என்று நினைத்தான். பேச்சை மாற்ற, அம்மா சுகமா என்று விசாரித்தான்.

“இருக்கிறா. ஒரு கிழமையா ஒண்டும் கதைக்கேல்லை.”

“சண்டையோ?”

“இந்த வேலை முடிஞ்சால் கதைப்பா, அண்ணா.”

பிரவீணனுக்கு விளங்கிவிட்டது. எந்நேரமும் கணினியே கதியென்று கிடக்கும் மகளோடு தாய்க்குக் கோபம். தன் மென்பொருளால் ஒரு வீட்டில் பேச்சு நின்றுபோனது அவனுக்கு உறுத்தியது. கழற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, அவளோடு சேர்ந்து பிழையைத் தேடினான்.

தேநீர் ஆறியது; மழை விட்டது. பொதுவான பகுதி புதிய முறைக்கு மாறியிருக்க, குரல் பகுதி மட்டும் இன்னும் பழையதையே கேட்டுக்கொண்டிருந்தது. திருத்தி அனுப்பினார்கள். ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. கடைசியாகக் குரல் பகுதியும் பச்சை.

“தூசன் தக், அண்ணா.” நொர்வேஜிய மொழியில் நன்றி சொன்னாள் மிதுனா. புதிய பதிப்பை உடனே கைபேசியில் போடவேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அவன் புதிதாகத் தேநீர் ஊற்றும்போது மீண்டும் அழைப்பு.

“தம்பி, நான் மிதுனாவின்ர அம்மா, அனஸ்ரேசியா.” நிதானமான, கனிந்த குரல். “நீங்கள் செய்தது பெரிய உதவி. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்.”

அவனுக்கு மனம் குளிர்ந்தது. “மகளோட கதைச்சிட்டீங்களோ, அன்ரி? இனி அவவோட கோவிக்காதேங்கோ.”

மறுமுனையில் மெல்லிய தட்டல் சத்தம்.

“கோவமில்லைத் தம்பி. ஒருத்தரும் என்னைப் பாத்துப் பரிதாபப்படக் கூடாதெண்டு, வெளியில சொல்லவேண்டாமெண்டு நான்தான் பிள்ளையை மறிச்சனான். போன வருசம் தொண்டையில ஒப்பரேசன் செய்ததோட என்ர குரல் போயிட்டுது; அதுக்கு முதல் மிதுனா பதிஞ்சு வைச்ச என்ர குரலிலதான், நான் எழுத எழுத, இந்தப் போன் உங்களோட கதைக்குது.”