லேபிளில் இல்லாத பெயர்

"என் பேர் எங்க, நடீன்?"

ஆர்வில் ஸ்டக்கி பாட்டிலைக் கவுன்ட்டரில் டொக்கென்று வைத்தார். ஒயின் ருசி பார்க்க வந்திருந்த நாலு பேரும் கிளாஸும் கையுமாகத் திரும்பினார்கள்.

நடீன் நிமிரக்கூட இல்லை. "இந்தத் தடவை போடல."

"பன்னிரண்டு வருஷமா 'ஸ்டக்கி தோட்டம்'னு கொட்டை எழுத்துல போட்டே. இப்ப வெறும் 'சிவப்பு ஒயின்'னு இருக்கு. என் திராட்சை அதுக்குள்ள புளிச்சுப்போச்சா?"

"என் லேபிள். என் இஷ்டம்."

ஆர்விலின் காது சிவந்தது.

"இந்த வருஷம் பழமும் வாங்க மாட்டேங்கற. வேற ஆளைப் பாருங்கங்கற. வியாழக்கிழமை பழம் வாங்கற பெரிய ஒயின் கம்பெனிக்காரன் வர்றான். அவனும் வேண்டாம்னுட்டா, கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு நிலத்தை விக்க வேண்டியதுதான். அவன்கிட்ட காட்ட எனக்கு இருக்கறதே இந்த லேபிள் ஒண்ணுதான்."

"பழைய வருஷத்து பாட்டிலைக் காட்டுங்க. அதுல பேர் இருக்கு."

"இந்த ட்ராக்டர் கொட்டகையில நீ ஒயின் போட ஆரம்பிச்சப்போ யாரு உனக்குப் பழம் கொடுத்தா? நான் ஒருத்தன்தான். ஏறின ஏணியை எட்டி உதைக்கறே."

ஆர்வில் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். வந்தவர்களும் ஒன்றும் வாங்காமல் நழுவினார்கள்.

கிளாஸ் கழுவுவதும் ஊற்றிக் கொடுப்பதும் என் வேலை. ஏழு வருஷமாக நடீனிடம் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்குத்தான் அதற்காக வெட்கப்பட்டேன்.

"நீ பண்ணது அநியாயம்," என்றேன்.

அவள் அதே பாட்டிலிலிருந்து எனக்கு ஒரு வாய் ஊற்றினாள். "குடி. துப்பாம முழுங்கு."

முதலில் பழ ருசிதான் தெரிந்தது. தொண்டையில் இறங்கியதும் வாயெல்லாம் சாம்பல். சிகரெட் கிண்ணத்தைக் கழுவின தண்ணீர் மாதிரி.

"போன செப்டம்பர்ல மலை எரிஞ்சுதே, அந்தப் புகை," என்றாள். "மொத்தமும் அவர் பழம்."

"பார்க்காமலா வாங்கினே?"

"பரிசோதனை முடிவு வர அஞ்சு வாரம் ஆகும்னாங்க. ஆரிகன் மாநிலம் முழுக்க அந்த லேப்லதான் வரிசையில நின்னுது. பழம் அதுவரைக்கும் கொடியில நிக்குமா? புகை என் தோட்டத்துப் பக்கம் வரவே இல்லன்னார் ஆர்வில். லாரியை உள்ள விடச் சொல்லிட்டேன். நசுக்கினப்போ ஒண்ணும் தெரியல. பீப்பாயில ஆறு மாசம் கிடந்ததும் முழிச்சுக்கிச்சு."

"அதை அவர்கிட்டயே சொல்றதுதானே?"

"புகை கொடியில தங்காது. இந்த வருஷப் பழம் சுத்தமாத்தான் இருக்கும். ஆனா பேர்ல ஒட்டினா போகாது. 'ஸ்டக்கியா, அந்தப் புகைத் தோட்டமா'ன்னு கடைசி வரைக்கும் சொல்லுவாங்க. அதான் வெறும் என் பேர்ல பாதி விலைக்குத் தள்ளிட்டிருக்கேன். இந்த நஷ்டத்துல புதுசாப் பழம் வாங்க எனக்கு ஏது வழி?"

"சரி, அவருக்கு மட்டும் ரகசியமா..."

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கம்பெனிக்காரன் ஒரு கேள்வி கேட்டாப் போதும், மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். ஒயினைத் தொடாத மனுஷன், தானாவும் கண்டுபிடிக்க மாட்டார். என்னைத் திட்டிட்டுப் போகட்டும்."

திராட்சை பயிரிடும் ஆர்வில் பீரைத் தவிர எதையும் குடிக்க மாட்டார் என்பது ஊரறிந்த வேடிக்கை. அவர் வீட்டில் பேருக்குக்கூட ஒரு ஒயின் பாட்டில் கிடையாது. வியாழக்கிழமை கம்பெனிக்காரரைக் கூட்டிக்கொண்டு எங்களிடமே வரவேண்டியதாயிற்று.

"பழைய பாட்டில் ஒண்ணு எடு," என்றார், நடீன் முகத்தைப் பாராமல்.

ஆறு வருஷத்துக்கு முந்தையதை அவள் திறந்து கொடுத்தாள். கம்பெனிக்காரர் முகர்ந்தார், ருசி பார்ப்பவர்கள் வழக்கப்படி வாயில் வைத்துக் கொப்பளித்து வாளியில் துப்பினார்.

"அருமையான பழம், ஸ்டக்கி."

ஆர்வில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எனக்கும் மனசு குளிர்ந்தது.

கம்பெனிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். கவுன்ட்டரில் திறந்திருந்த புது பாட்டிலைத் தானே எடுத்து ஊற்றினார். நடீன் கை நீட்டுவதற்குள் வாயில் வைத்துவிட்டார்.

இரண்டு தடவை துப்பினார். "சாம்பல்."

பிறகு ஆர்வில் பக்கம் திரும்பினார். "போன வருஷம் உங்க பழத்தை இவங்கதானே வாங்கினாங்க?"

ஆர்வில் பாட்டிலைப் பார்த்தார், தன் பெயர் இல்லாத அந்த லேபிளைப் பார்த்தார், அப்புறம் நடீனைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அது அவர் கண்ணில் தெரிந்தது. போச்சு, உளறிக் கொட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"போன வருஷமா?" என்றார். "புகை வந்ததும் ஒரு கொத்து விடாம வெட்டித் தரையில போட்டுட்டேன். விக்க மனசாட்சி இடம் கொடுக்கல. கண்ட இடத்துல மலிவாப் பழம் வாங்காதேன்னு இவகிட்டயும் தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

குரல் நடுங்கவில்லை. இமைகூட அசையவில்லை.

கம்பெனிக்காரர் நடீனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் ஊர் ஒயினுக்கே கெட்ட பேர். ஒரு கடை விடாம சொல்லத்தான் போறேன். இவர் சொல்றது நிஜம்தானே?"

நடீன் பாட்டிலை எடுத்துத் தக்கையை அழுத்தி மூடினாள்.

"ஆர்விலுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க," என்றாள்.