சாம்பல் நிறச் சிலுவார்

"கழட்டு அந்தச் சிலுவார."

மேனேஜர் குகனேஸ்வரன் கத்தியது சரிவின் அடிவரை கேட்டது.

ரஞ்சிதத்தின் கத்தரி நின்றது. அவள் கைலிக்குக் கீழே தெரிந்த சாம்பல் நிறக் கம்பளிக் கால்சட்டையைத்தான் அவர் விரல் காட்டியது.

போன மாதம் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிக்கும் ஆண்களுக்கு மட்டும், உள்ளே சாம்பல் நிறக் கம்பளி வைத்த மழைக் கால்சட்டை கொடுத்தார்கள். மெஷின் ஏறாத செங்குத்துச் சரிவில், பனியில் நனைந்த தேயிலைக்குள் இடுப்புவரை நின்று கொழுந்து வெட்டும் பெண்களுக்குப் பழையபடி சுற்றிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள்.

"கால் விறைச்சா விரலும் விறைச்சுப் போகுது துரை. கத்தரிய எப்படிப் பிடிக்கிறது?" என்று ரஞ்சிதம் அன்றே கேட்டாள்.

"கைலி கட்டுறவங்களுக்கு எதுக்குச் சிலுவார்?" என்று சிரித்தார்.

பிறகு, கொழுந்து குறைகிறது, பொம்பளைகள் சோம்பேறிகள் என்று தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் ஏசினார்.

இன்று அவள் பை நிரம்பி வழிந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

"ஆம்பளைங்களுக்கு வந்த ஸ்டோர் சாமான்தானே இது? எவன் எடுத்துக் குடுத்தான்?"

சோம்பேறிப் பட்டம் போதாதென்று திருட்டுப் பட்டம். ரஞ்சிதம் பல்லைக் கடித்தாள்.

"அவ குள்ளப் புருசன் எடுத்திருந்தா இவ்வளவு நீளமா இருக்காதுலா, துரை," என்றாள் பக்கத்து நிரையில் நின்ற சாரதா. பெண்கள் சிரித்தார்கள்.

அவர் முகம் சிவந்தது.

"கழட்டு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

ரஞ்சிதம் கத்தரியைச் செடிமேல் போட்டாள். பூட்சை உதறினாள். கைலிக்குள் கைவிட்டு, இடுப்பில் நிற்கக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள்.

உருவிய கால்சட்டையைச் சுருட்டி அவர் நெஞ்சில் எறிந்தாள். அது இன்னும் கதகதப்பாக இருந்தது. ஈரக் கைலி அவள் தொடையில் பனிக்கட்டிபோல ஒட்டியது.

"துரைசாணியம்மா கேட்டா, நீங்களே திரும்ப வாங்கிட்டீங்கன்னு சொல்லிடுங்க."

அவர் கட்டைவிரல் கால்சட்டையின் வலது முழங்காலில் போய் நின்றது. அவர் சிகரெட் சுட்ட ஓட்டை. அதை நீல நூலால் தைத்தது அவர் மனைவி.

யாரும் சொல்லாமலே மற்றப் பெண்கள் கைலியைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டார்கள்.

சாரதாவுக்குக் கறுப்பு.

மோகனாவுக்கு, இன்று காலை அலமாரி முழுக்கத் தேடியும் அவருக்குக் கிடைக்காத காக்கி.