அதைத் தொடாதே!

ஆட்குறைப்புப் பட்டியலைக் கணினியே போடும் என்று மேலாளர் சொன்னதிலிருந்து அவனுக்கு வேலையே ஓடவில்லை. பட்டியல் போடும் ஃபங்ஷன், அதாவது அந்தச் சின்ன நிரல், டேட்டாபேஸுக்குள் இருந்தது. காலையிலேயே கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதன் நகலைத் திறந்துவிட்டான். கை வைக்கத்தான் துணிச்சல் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பட்டியல். இன்னும் இரண்டே நிமிடம்.

"தம்பி, அந்த ஃபங்ஷனைத் தொடாதே! நான் சொல்றதைக் கேளு..." பக்கத்து மேஜை அக்கா கிசுகிசுத்தாள்.

மோப்பம் பிடித்துவிட்டாளே! இனி யோசித்தால் பிழைப்பு போச்சு. தன் பெயரை விலக்கும் ஒரு வரியை அடித்தான். சேமித்தான். செமிகோலன் வைத்து என்டரைத் தட்டினான். டேட்டாபேஸில் இருந்தது அழிந்து, இவனுடையது ஏறியது.

பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. போன உயிர் திரும்பியது.

அக்காவின் பெயர் இருந்தது.

"ஐயோ... அக்கா!"

"பதினோரு மணிக்கே நம்ம ரெண்டு பேரையும் விலக்கி எழுதி வெச்சிருந்தேன்டா," என்றாள் அக்கா, மேஜை டிராயரைக் காலி செய்தபடி. "நீ காலையில திறந்த பழசை அது மேலயே ஏத்திட்டியே. நான் மாத்தினதுல உன் பேரைத்தான் முதல்ல எழுதினேன்."