இருபத்தாறாவது பாட்டு

“பங்க் ராக்னா நறுக்குன்னு இருக்கணும்மா! முதல் ஆல்பத்துல பத்தே பாட்டு, பொளந்து கட்டுனீங்க. ரெண்டாவதுல இருபத்தாறா? பாதியை வெட்டித் தள்ளுங்க,” என்றார் ஒலிப்பதிவாளர்.

“ஒண்ணுலகூட கை வைக்கக் கூடாது சார்,” என்றாள் பாடகி.

முதல் வெற்றி தலைக்கேறிவிட்டது என்று முனகியபடியே, அவள் கொண்டுவந்த ஒத்திகைப் பதிவுகளில் கடைசியை ஓடவிட்டார்.

டிரம்மரின் குரல் உற்சாகமாக எண்ணியது: “ஒண்ணு, ரெண்டு, மூணு...”

டிரம்ஸ் மேல் ஏதோ மோதிய சத்தம். அத்தோடு பதிவு நின்றுவிட்டது.

“இதுல பாட்டே இல்லையே! டிரம்மரை வரச் சொல்லுங்க, இதையாவது திரும்ப எடுப்போம்.”

“வர மாட்டான் சார். நாலுன்னு சொல்றதுக்குள்ள டிரம்ஸ் மேலயே சாஞ்சான் என் தம்பி. எழுந்திருக்கவே இல்ல. இந்த ஆல்பத்துக்கு அவன் வாசிச்சு வெச்சது மொத்தமே இந்த இருபத்தாறுதான்.”